கருப்பு – கறுப்பு: ஒரு தகராறு

1

சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில் என் கவிதை ஒன்று வந்தது. கரும்பு வெட்டிய ஒருத்தியின் முதுகைப் பற்றிய சிறிய கவிதை. 'கறுத்த முதுகு' என்று எழுதி அனுப்பியிருந்தேன். 'கருப்பு முதுகு' என்று அச்சாகியிருந்தது. ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல மனிதர். நஷ்டப்படுவதற்கென்றே ஒரு பத்திரிகையைப் பல வருஷங்களாக நடத்துகிறவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்ன பதில்மேல்தான் கோபம்.

"நம்ம பத்திரிகையில எல்லா இடத்துலயும் 'கருப்பு'ன்னுதான் போடறது சார். 'கறு'ன்னு வர்றதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல 'கரு'ன்னு மாத்திடுவோம். உங்க வரி 'கருத்த முதுகு'ன்னு வந்து நின்னுச்சு. ஏதோ மாதிரி இருந்துச்சு. 'கருப்பு'ன்னு வெச்சுட்டேன். அர்த்தம் ஒண்ணுதானே?"

அதே இதழில் வேறொருவரின் கதையில் ஒரு பாத்திரம் தன் பங்காளியை நினைத்துக் 'கருவிக்கொண்டே' வரப்பில் நடக்கிறது. எழுதியவர் 'கறுவிக்கொண்டே' என்றுதான் எழுதியிருப்பார். உள்ளுக்குள் வன்மம் வைப்பது கறுவுதல். கம்ப்யூட்டர் அந்த ஆளின் வன்மத்தைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு கருவியைக் கொடுத்து அனுப்பிவிட்டது. பக்கத்திலேயே ஒரு கவிதையில் 'வானம் கருத்து வருகிறது'. வானத்துக்கும் கருத்து வந்துவிட்டது. நம் சிற்றிதழ்களில் கருத்து இல்லாமல் இருந்தது அது ஒன்றுதான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'அர்த்தம் ஒண்ணுதானே' என்ற கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. விழுப்புரத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடுகிற டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "ஒரு எழுத்துக்காகவா இவ்ளோ தகராறு?" என்றார். 'தகராறு' என்ற வார்த்தையிலேயே சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்து வாயில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அந்தத் தகராறைத்தான் இங்கே தொடர்கிறேன்.

2

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு.

ஒன்று பண்டிதர் கட்சி. 'கருப்பு என்றால் பஞ்சம், கறுப்பு என்றால் நிறம், மாற்றி எழுதினால் மதிப்பெண் கிடையாது' என்பது அதன் வாய்ப்பாடு. வாய்ப்பாடு தப்பில்லை. கருப்பு என்ற சொல்லுக்குப் பஞ்சம் என்ற பொருளை அகராதிகள் தருகின்றன. போதாததற்கு அந்த வீட்டில் இன்னொரு குடித்தனமும் இருக்கிறது. கரும்பு, வேறொரு சொல்லோடு சேரும்போது கருப்பு ஆகும். இரும்பு, இருப்புப் பாதை ஆவதுபோல. கருப்பஞ்சாறு, கருப்பங்கழி, மன்மதன் கையிலிருக்கும் கருப்புவில் எல்லாம் அப்படி வந்தவை. ஆக 'கருப்பு' என்ற ஒரே கூரையின்கீழ் கரும்பும் பஞ்சமும் குடியிருக்கின்றன. ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நாளெல்லாம் போகிற எங்கள் ரோட்டோரம் நின்று பார்த்தால், இந்த இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்த பாஷை அப்படியொன்றும் அறியாப்பிள்ளை இல்லை என்று தோன்றும்.

ஆனால் பண்டிதரிடம் 'ஏன் கறுப்பு?' என்று கேட்டுப் பாருங்கள். 'அப்படித்தான்' என்பார். சரியான விடையை வைத்துக்கொண்டு அதன் அர்த்தம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர் அவர். பூட்டு இருக்கிறது, சாவியைத் தேடியதில்லை.

மற்றது நம்முடைய கட்சி. நவீனர் கட்சி. 'எழுத்துப் பிழை பார்ப்பது குமாஸ்தா வேலை, நமக்கு அனுபவம்தான் முக்கியம், பேச்சில் இல்லாத வித்தியாசத்தை எழுத்தில் காப்பாற்றுவது பிணத்துக்குச் சிங்காரம்' என்கிற கட்சி. நானும் இதில் பல வருஷம் சந்தா கட்டியவன். என் முதல் தொகுப்பில் ஓர் இடம் விடாமல் 'கருப்பு' என்றே இருக்கிறது. அதை யாரும் திருத்தவில்லை, நானேதான் அப்படி எழுதினேன். அதனால் இந்தக் கட்டுரையில் நான் திட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன் என்று வைத்துக்கொண்டு படிக்கலாம்.

இரண்டு கட்சிகளும் ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. இது எழுத்துப் பிரச்சினை என்று இருவருமே நினைக்கிறார்கள். என் கட்சி, இது இலக்கணப் பிரச்சினை என்பது. அதிலும் காலம் பற்றிய பிரச்சினை.

3

தமிழில் நிறங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெண்மை, வெளுப்பு. செம்மை, சிவப்பு. பசுமை, பசப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு சொற்கள். ஜோடியில் முதலாவது பண்பு. அது பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது 'மை' உதிரும், உரு மாறும். நன்னூல் இதற்கு விதி சொல்லியிருக்கிறது. வெண்தாமரை, செந்தாமரை, பைங்கிளி. இரண்டாவது, வினையிலிருந்து பிறந்த பெயர். வெளுத்தது, வெளுப்பு, சிவந்தது, சிவப்பு, பசந்தது, பசப்பு. சுவையிலும் இப்படித்தான். இனிக்கிறது இனிப்பு, கசக்கிறது கசப்பு, புளிக்கிறது புளிப்பு. 'ப்பு' என்று முடிகிற இந்தச் சொற்களின் வயிற்றைக் கீறினால் உள்ளே ஒரு வினை உட்கார்ந்திருக்கும்.

இந்த வரிசையில் நான்காவது ஜோடி கருமை, கறுப்பு. கருங்கல், கருவிழி, கருநாகம், கரும்பலகை என்று ஒட்டுவது 'கரு'. கறுக்கிறது, கறுத்தது, கறுக்கும், கறுக்காது என்று நிகழ்வது 'கறு'. கருங்கல் எப்போது கருங்கல் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அது அப்படியே கிடக்கிறது. 'கறுத்த கல்' என்று சொன்னால் உடனே கேள்வி வருகிறது: எப்படிக் கறுத்தது? அடுப்புக்கு வைத்த கல்லா, எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கறுத்த சாமிக் கல்லா? 'கறுத்த' என்பது பெயரெச்சம். அதன் நடுவில் இறந்தகாலம் இருக்கிறது. ஒரு சம்பவம் நடந்து முடிந்ததன் தடயம் அது. 'கரும்' என்ற அடைக்குள் காலம் இல்லை. 'கருப்பு முதுகு' என்று இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போதும் காலம் கண்ணில் படுவதில்லை.

பழைய இலக்கணக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 'அவன் கரியன்' என்பது குறிப்பு வினைமுற்றுக்கு அவர்கள் காட்டுகிற வாடிக்கையான உதாரணம். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினை. 'அவன் கறுத்தான்' என்றால் தெரிநிலை வினைமுற்று. காலம் தெரிகிற வினை. குறிப்பு, தெரிநிலை என்ற இந்த இரண்டு பெயர்களையும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தோம். கரியன் ஒருவன் எப்போதும் கரியன். கறுத்தவனுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

தீயால் நேர்வதற்கு 'கரு' பக்கத்திலேயே வினைகள் உண்டு. கருகுதல், கரிதல். கருகிய பயிர், கரிந்த சோறு. தீய்ந்துபோனதைச் சொல்ல அவை போதும். வெயிலும் வருஷமும் வேலையும் அவமானமும் செய்வதைச் சொல்ல வேறொரு வினை வேண்டியிருந்தது. அதுதான் கறுத்தல்.

4

ஆட்சேபணைகள் வரும். முக்கியமான மூன்றை நானே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: 'சிறுமை சிறுத்தது, பெருமை பெருத்தது என்று ஆகிறதல்லவா? கருமையிலிருந்து கருத்தது என்று ஏன் ஆகக்கூடாது?' நல்ல கேள்வி. ஆகலாம். இலக்கணம் தடுக்காது. ஆனால் சிறுப்பு, பெருப்பு என்று நாம் யாரும் எழுதுவதில்லையே. அத்தோடு, அந்த இடத்தில் வேலை பார்க்க ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. இருக்கிற ஆளை வெளியே தள்ளிவிட்டு, அவன் நாற்காலியில் அவனைப் போலவே தோற்றமுள்ள இன்னொருவனை உட்காரவைப்பதற்கு என்ன அவசியம்? பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்த இரண்டு வேர்களையும் தனித்தனிப் பதிவுகளில்தான் வைத்திருக்கிறது.

இரண்டாவது: 'பேச்சில் இல்லாத வித்தியாசம்.' எந்தப் பேச்சில்? எங்கள் விழுப்புரத்துப் பேச்சில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போய்க் கேளுங்கள். மலையாளத்தில் கறுப்புக்கு வல்லின ஒலி, கரிங்கல்லுக்கு இடையின ஒலி. எழுத்திலும் அப்படி, நாக்கிலும் அப்படி. கறுத்தது என்ற வினைக்கும் வல்லினம், கறைக்கும் வல்லினம். நம் 'கறை'யும் இந்த வம்சம்தான். நம் பக்கத்தில் காது இழந்ததை எழுத்து வைத்திருக்கிறது. ஒரு பாஷை தன் காதில் இழந்ததைக் கண்ணில் காப்பாற்றி வைத்திருக்கும்போது, அந்தக் கண்ணையும் குத்திவிடுவதற்குப் பெயர் நவீனத்துவம் என்றால் எனக்கு அது வேண்டாம்.

மூன்றாவது: 'எழுத்து மாறும், நீ பழமைவாதி.' இதற்குக் காணைக்காரனாகப் பதில் சொல்கிறேன். பெரியார் 1935இல் குடி அரசில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டபோது எங்கள் ஊர்ப் பெயரின் இரண்டாவது எழுத்தே உருமாறியது. 'ணை'க்கு அதுவரை இருந்த யானைத் தும்பிக்கை போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ள கொம்பே வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. எழுத்தின் உருவம் மாறினால் குடி முழுகிவிடாது என்று எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சீர்திருத்தம் ஓர் எழுத்துக்கு வேறு சட்டை போட்டுவிட்டது, அவ்வளவுதான். இரண்டு எழுத்துகளை ஒன்றாக்கவில்லை. ரகரமும் றகரமும் அதில் தனித்தனியாகத்தான் நின்றன. உருவத்தை மாற்றுவது வேறு, வித்தியாசத்தை அழிப்பது வேறு. இதைப் பிரித்தறியாமல் 'மாற்றம்' என்று கோஷம் போடுவது, சீர்திருத்தத்தின் பேரில் சோம்பலைக் காப்பாற்றுவது.

நாளைக்கே எல்லாரும் கருப்பு என்று எழுதலாம். தினசரிகளில் பாதிக்குமேல் இப்போதே அப்படித்தான். தினசரிக்காரனை நான் குற்றம் சொல்ல வரவில்லை. வித்தியாசங்களுக்கு அவனிடம் நேரமில்லை. நேரம் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு, நூற்றைம்பது பிரதி அச்சடித்து, பாஷையின் உயிர் எங்களிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிற நம்மைத்தான் கேட்கிறேன்.

5

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

தொல்காப்பியர் உரியியலில் கறுப்பையும் சிவப்பையும் சேர்த்து ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். இரண்டும் கோபத்தைக் குறிக்கும் என்கிறது அது. அடுத்த சூத்திரத்தில்தான் இவை நிறத்தையும் குறிக்கும் என்று வருகிறது. கோபம் முதலில், நிறம் பிறகு. நிறம் எல்லாருக்கும் தெரிந்த பொருள், தெரியாததை முதலில் சொன்னார், உரியியலின் முறை அதுதான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். வரிசையை வைத்து வித்தை காட்டுவது என் உத்தேசமில்லை. என் கவனம் வேறொன்றில். கோபத்துக்கு அவர் எடுத்த சொற்கள் எவை? கருமையும் செம்மையும் அல்ல. வினையின் பிள்ளைகளான கறுப்பும் சிவப்பும்.

செம்மை, தமிழில் என்ன ஆயிற்று பாருங்கள். நேர்மை ஆயிற்று, ஒழுங்கு ஆயிற்று, 'செம்மையாகச் செய்' ஆயிற்று. பண்புச் சொல் நல்ல பிள்ளையாக வளர்ந்து உத்தியோகத்துக்குப் போய்விட்டது. சிவப்பு கண்ணில் ஏறியது. கறுப்பு முகத்தில் ஏறியது. 'அவர் முகம் கறுத்துவிட்டது' என்று இன்றும் சொல்கிறோம். ஒரு வார்த்தை விழுந்ததும் ஒரு முகத்தில் நடப்பதை அந்த வினை அப்படியே பிடிக்கிறது. 'அவர் முகம் கருமை' என்று சொன்னால் அங்கே எதுவும் நடக்கவில்லை. கோபம் என்பது நடப்பது. பண்புச் சொல்லுக்குள் அதைக் குடிவைக்க முடியாது.

இந்த இரண்டு சொற்களும் இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் என்ன பாடு படுகின்றன என்பது தனிக்கதை. கறுப்பும் சிவப்புமாகக் கொடிகள் ஏறின. திராவிடர் கழகத்தின் கொடியில் கறுப்பின் நடுவே சிவப்பு வட்டம், 1949இல் பிறந்த தி.மு.க.வின் கொடியில் மேலே கறுப்பு, கீழே சிவப்பு. தொல்காப்பியரின் இரண்டு கோபச் சொற்களும் ஒரே துணியில். கோபம் இப்போது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. அது அரசியல் கட்டுரையாகிவிடும். சிவப்பு என்ற சொல்லைத் தோல் களிம்பு விளம்பரங்கள் எடுத்துக்கொண்டு 'சிவப்பழகு' செய்தன. அந்தக் களிம்புகளில் பிரபலமான ஒன்று, 1975 முதல் விற்றுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் பெயரை மட்டும் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. கறுப்பை ஆங்கிலத்தின் திருட்டுத்தனத்துக்கு வாடகைக்கு விட்டோம். கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை, கறுப்புப் பட்டியல். திருட்டுக்குத் தமிழில் கள்ளம் என்று தெளிவான சொல் இருந்தது. கள்ளச்சந்தை என்றால் யாருக்கும் புரியாமல் போகாது. நிறத்தின்மேல் ஏன் அந்தப் பழியை மொழிபெயர்த்துப் போட்டோம்?

இவை வெளியார் செய்தது. நம் கவிதையில் நாம் செய்தது என்ன?

நாம் நிறத்தை அடைமொழியாக்கினோம். ஆப்பிரிக்கக் கவிதை தமிழுக்கு வந்தது. இந்திரனின் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' 1982இல் வந்தபோது அது உண்மையாகவே ஒரு புதிய காற்று. ஆனால் காற்று வந்த பிறகு நாம் என்ன செய்தோம்? 'கருப்பு இரவு', 'கருப்பு மௌனம்', 'கருப்புச் சூரியன்', 'என் கருமை' என்று ஒரு பெட்டி நிறையப் படிமச் சாமான்கள். எந்தப் பெயருக்கு முன்னாலும் கருப்பை ஒட்டினால் கவிதை ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இவற்றில் யாரும் கறுக்கவில்லை. யாரும் யாரையும் கறுக்க வைக்கவில்லை. வெயில் இல்லை, கூலி இல்லை, முதலாளி இல்லை, காலம் இல்லை. சுவரில் அடித்த சாயம்போல அந்தக் கருப்பு நிற்கிறது.

1930களில் பாரிஸில் எமே செஸேர், லெயோபோல் செங்கோர், லெயோன் தமாஸ் ஆகியோர் 'நெக்ரிட்யூட்' என்ற சொல்லை ஒரு கொடியாக உயர்த்தினார்கள். இழிசொல்லாக எறியப்பட்டதை எடுத்து அதற்கு ஒரு பண்புப் பெயர் விகுதியைச் சேர்த்து மார்பில் அணிந்துகொண்டது பெரிய காரியம். ஆனால் அது பண்புப் பெயர். நம் 'மை' போன்ற ஒன்று. அடுத்த தலைமுறையில் நைஜீரியாவின் வோலே சோயிங்கா அதைக் கேலி செய்தார். புலி தன் புலித்தன்மையைச் சொல்லிக்கொண்டு திரியாது, பாயும் என்பது அந்தக் கேலியின் சாரம். பண்புக்கும் வினைக்கும் இடையிலான இந்தச் சண்டையைத்தான் தமிழ் ஓர் எழுத்துக்குள் வைத்திருக்கிறது. 2020இல் ஏ.பி. செய்தி நிறுவனம், ஒரு ஜனத்தைக் குறிக்கும்போது 'பிளாக்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதென்று முடிவு செய்தது. நிறம் வேறு, அந்த நிறத்தின் பேரால் ஒரு ஜனம் பட்டது வேறு என்று காட்ட ஆங்கிலத்துக்கு ஒரு பெரிய எழுத்து தேவைப்பட்டது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. பெரிய 'ற' இருந்தது. அதை நாம் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறோம்.

'கரு' கேவலமான சொல் என்று நான் சொல்லவில்லை. கருஞ்சிறுத்தை என்று சொல்லும்போது அந்த மிருகம் அப்படியே பிறந்தது. அங்கே பண்புச் சொல்தான் சரி. கருஞ்சட்டை என்பதும் சரி. சட்டையின் நிறம் அது. மனிதனின் நிறத்தைப் பேசும்போதுதான் எனக்குப் பயம். நிறத்தைப் பிறவிக் குணமாக்குகிற வாக்கியம், எல்லாவற்றையும் பிறப்பில் தேடுகிற இந்தத் தேசத்தின் பழைய வியாபாரத்துக்கு வசதியான வாக்கியம். கவிஞன் தெரியாமல்கூட அதற்குத் தரகு பார்க்கக்கூடாது.

6

எங்கள் ஜில்லாவில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்கர் 1988இல் ஒரு பெரிய புஸ்தகமே போட்டிருக்கிறார். பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசியில் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் நீளமாகக் கிடத்தி, அம்மன் கூந்தல் முடிக்கிற அந்தக் காலைப்பொழுதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர். கறுத்தவள் என்று பொருள். சபையில் நடந்ததற்காகக் கூந்தலை விரித்துப் போட்டவளும் அவள்தான். கறுத்தாள் என்ற ஒரே வினை அவளுடைய நிறத்தையும் சொல்கிறது, கோபத்தையும் சொல்கிறது. இரண்டையும் பிரிக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. 'கரியள்' என்று சொல்லுங்கள். ஒரு பெண்ணின் நிறம் தெரியும், சபை மறைந்துபோகும்.

இதை எங்கேயும் படித்து நான் கற்கவில்லை. என் கவிதையிலிருந்த முதுகு என் அம்மாவுடையது. பல வருஷம் கரும்பு வெட்டப் போனவள். சோகை கிழித்த கோடுகள் கையெல்லாம் உண்டு. வெட்டிய கரும்பைக் கட்டிச் சுமந்து லாரியில் ஏற்றுகிற வேலையில் முதுகுதான் வெயிலுக்கு முகம். ஒருநாள் பழைய போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டி, "ஏம்மா, இதுல இவ்ளோ செவப்பா இருக்கறது நீதானா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "நா என்னா கறுப்பாவா பொறந்தேன்? கறுத்தேன்டா," என்றாள்.

அவள் வாயில் அது சின்ன 'ரு'வா பெரிய 'று'வா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் இலக்கணம் சுத்தமாக இருந்தது. பிறந்தது ஒன்று, ஆனது ஒன்று. முதலாவதைப் பெயராகச் சொன்னாள், இரண்டாவதை வினையாகச் சொன்னாள். அந்த வினைக்குள் நிறத்தோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. கோபம் என்று தொல்காப்பியர் எழுதிவைத்திருப்பது அதைத்தான் என்று மிகவும் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

அவள் வாக்கியத்தைத்தான் நான் கவிதையில் வைத்தேன். 'கருப்பு முதுகு' என்று அது அச்சானபோது, அவள் எது இல்லை என்றாளோ அது ஆகிவிட்டது. பிறவியிலேயே அப்படியிருந்த ஒரு முதுகு. அதனால்தான் அர்த்தம் ஒன்றுதானே என்ற கேள்வி என்னை இத்தனை பக்கம் இழுத்து வந்தது. ஆசிரியருக்கு இதுவே என் பதில். அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும். போடாவிட்டாலும் இதழை நிறுத்திவிட வேண்டாம்.

பண்டிதர் சிவப்பு மையால் சுழித்த இடத்தில் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள நம் கட்சிக்காரர்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அவர் காவல் காத்துக்கொண்டிருந்தது என்னவென்று அவருக்கே தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம். பிடித்தால் 'கருப்பு' என்று எழுதிக்கொள்ளுங்கள், யாரும் தூக்கில் போட மாட்டார்கள். எழுதும்போது அந்த வாக்கியத்தில் யாருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

என் முதல் தொகுப்பில் விற்காத பிரதிகள் பரணில் ஒரு கட்டு இருக்கின்றன. போன வாரம் இறக்கிவைத்துப் பேனாவால் திருத்த ஆரம்பித்தேன். திருத்துகிறபோதுதான் தெரிகிறது: சில கவிதைகளில் 'ரு'வை 'று'வாக்கினால் மட்டும் போதவில்லை. அந்தக் கருப்புக்குள் வினையே இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.